ஓய்வு காலத்தில் கடற்கரைக்கா? மே மாதத்தைக் கேளுங்கள்!

குன்னூர் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு வேலை. பெங்களூரில் பாங்கு வேலை. இப்படி உயரமான, குளிர்ந்த ஊர்களில் உழைத்துவிட்டு ஓய்வு பெறுகிறவர்கள் பலர். அவர்களில் கணிசமானவர்களுக்கு ஓர் ஆசை வருகிறது. "குளிரில் மூட்டு வலிக்கிறது. மேடு ஏறி இறங்க முடியவில்லை. சென்னைப் பக்கமோ, புதுச்சேரிப் பக்கமோ கடலோரமாக ஒரு வீடு வாங்கிப் போய்விடலாம்" என்கிறார்கள்.

இது நியாயமான ஆசைதான். வயதானவர்களுக்குக் குளிர் ஆகாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் கூடுகிறது. கடலோர ஊர்களில் தரை சமமாக இருக்கிறது. காலையில் நடக்கலாம். சென்னை போன்ற நகரங்களில் பெரிய ஆஸ்பத்திரிகளும் அருகில் உண்டு. பல குடும்பங்களில் மகனோ மகளோ அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

ஆனால், ஆசை நியாயமானது என்பதற்காக அவசரம் நியாயமாகிவிடாது. ஓய்வு பெறும்போது கையில் வரும் பணம் ஒரு முறைதான் வரும். அதை மண்ணில் போட்ட பிறகு, "வெயில் தாங்கவில்லை" என்று சொல்லித் திரும்பிப் போவது எளிதல்ல.

ஜனவரி காட்டும் முகம்

வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எப்போது போகிறார்கள்? பொங்கல் விடுமுறையில் போகிறார்கள். மழை ஓய்ந்திருக்கும். வெயில் இதமாக இருக்கும். கிணற்றில் நீர் நிறைந்திருக்கும். கடற்காற்று முகத்தில் படும். "இதுவல்லவா சொர்க்கம்!" என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

கடற்கரை ஆண்டிலேயே நல்லபடியாக இருக்கும் மாதம் ஜனவரி. பெண் பார்க்க வரும் நாளில் வீட்டை அலங்கரித்து வைப்பதுபோல அது. உண்மையான முகம் தெரிய வேண்டுமானால் மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் அங்கே போய் இருக்க வேண்டும்.

ஈரமான வெயில்

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் 6 டிகிரி உஷ்ணம் குறைகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியிலிருந்து சென்னைக்கு இறங்குகிறவர், ஏறக்குறைய 13, 14 டிகிரி வெப்பத்துக்குள் இறங்குகிறார். சென்னையில் 2003 மே 31-ம் தேதி 45 டிகிரி வெயில் அடித்தது.

இதைவிட முக்கியமானது காற்றின் ஈரம். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகிப் போவதால் குளிர்கிறது. மனித உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதனால் வியர்வை வழிகிறதே தவிர, காய்வதில்லை. அதனால்தான் வேலூரின் வறண்ட 36 டிகிரியைவிட, கடலோரத்தின் ஈரமான 36 டிகிரி உடம்பை அதிகம் வாட்டுகிறது. இதைத்தான் புழுக்கம் என்கிறார்கள்.

இரவிலும் விடுதலை இல்லை. மே மாதத்தில் சென்னையில் பல இரவுகளில் உஷ்ணம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. பெங்களூரில் கோடைக்காலத்திலும் விடியற்காலையில் ஒரு குளிர்ச்சி வரும். அந்தக் குளிர்ச்சியில் தூங்கிப் பழகியவருக்கு, கடலோரத்தில் தூக்கமே முதல் பிரச்சினை ஆகிவிடும்.

"கடற்காற்று இருக்கிறதே!" என்று கேட்கலாம். உண்டு. நிலம் சூடேறியதும், கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ஆனால் மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று பலமாக இருந்தால், அது கடற்காற்றைத் தடுத்து நிறுத்திவிடும். சில நாட்களில் பிற்பகல் வரை வராது. சில நாட்களில் வரவே வராது. அந்த நாட்கள்தான் சோதனை நாட்கள்.

முதியவர் உடம்பு

இளைஞர் உடம்பு புது வெயிலுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். அறுபதைத் தாண்டிய உடம்பு மெதுவாகத்தான் பழகும். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரிவதில்லை. உடம்பில் நீர் குறைந்த பிறகும் "வேண்டாம்" என்பார்கள். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். குளிர்ந்த ஊரில் ஒத்துவந்த அதே அளவு, வெயில் ஊரில் மயக்கத்தைத் தரக்கூடும். ஆகவே வீட்டுத் தரகரைப் பார்க்கும் முன்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையின் அளவைத் தாமாகக் குறைப்பதும் கூடாது.

வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ, அது சாதாரணக் களைப்பல்ல. உடனே உடம்பை நனைத்து, விசிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நவம்பரின் கணக்கு

மே மாதம் ஒரு சோதனை என்றால், வடகிழக்குப் பருவமழை இன்னொரு சோதனை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் கொந்தளிக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர், புதுச்சேரிப் பகுதியைத் தாக்கியது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கியது. 2018 நவம்பர் 16-ல் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது.

"தூத்துக்குடி வறண்ட சீமை, அங்கே மழைப் பயம் இல்லை" என்று நினைத்தவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் வழக்கமாகப் பெய்வதைவிட இது அதிகம்.

கடல் மட்டமும் உலகெங்கும் மெல்ல உயர்ந்து வருகிறது. அதுவரை பதிவான ஆண்டுகளில் 2024-தான் மிக வெப்பமான ஆண்டு. இன்று வாங்கும் வீட்டில் 20, 25 ஆண்டு வாழ வேண்டும். எனவே இன்றைய வெயிலை மட்டும் கணக்கில் வைத்தால் போதாது.

என்ன செய்யலாம்?

முதலில், வாங்காமல் வாடகைக்கு இருந்து பார்க்கலாம். ஓராண்டு முடியாதவர்கள் மே மாதத்தில் மூன்று வாரமும், நவம்பரில் மூன்று வாரமும் தங்கிப் பார்க்கலாம். ஓட்டல் அறையின் குளிர்சாதனத்தில் தங்கினால் பாடம் தெரியாது. சாதாரண வீட்டில் தங்க வேண்டும். மார்க்கெட்டுக்கு நடந்து போக வேண்டும்.

பிடித்திருந்தால், குடியேறுவதற்கு ஏற்ற மாதம் ஜனவரி. அப்போதுதான் பிப்ரவரி, மார்ச் என்று உடம்பு படிப்படியாக வெயிலுக்குப் பழகும். பார்ப்பதற்கு மே, குடியேறுவதற்கு ஜனவரி. இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் வருந்துகிறார்கள்.

அக்கம்பக்கத்தாரிடம், "2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது? 2023-ல் எதுவரை வந்தது?" என்று கேட்க வேண்டும். சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிணற்று நீரைக் கோடையில் வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு இனிக்கும் நீர் ஜூன் மாதத்தில் உப்பாக இருக்கக்கூடும்.

அலைக்கு எதிரே வீடு வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். உப்புக் காற்று ஜன்னல் கம்பியையும் சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியையும் அரிக்கும். கடற்கரையை ஒட்டிய 500 மீட்டர் வரை கட்டடங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடுகளும் உண்டு. கொஞ்சம் உள்ளே தள்ளி, மேடான இடத்தில், கிழக்கே ஜன்னலும் வாசலில் வேப்பமரமும் உள்ள வீடு நல்லது. கடற்காற்று அங்கேயும் வரும். உப்பு அந்த அளவுக்கு வராது. மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் உள்ளே சூடு குறையும். குளிர்சாதனப் பெட்டிக்கு ஆகும் மின்சாரக் கட்டணத்தையும் ஓய்வூதியக் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும்.

குளிர் மட்டுமே தொல்லை என்றால், கடல் மட்டம்வரை இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுமார் 400 மீட்டர் உயரத்தில் கோயம்புத்தூர் இருக்கிறது. மலையடிவாரத்தில் தென்காசி இருக்கிறது. இடையில் நிற்கவும் ஊர்கள் உண்டு.

வீட்டு அம்மாளின் சொல்

கடைசியாக ஒன்று. ஊர் மாறும் யோசனையைப் பெரும்பாலும் ஆண்கள் முடிவு செய்கிறார்கள். ஆனால் மே மாதப் பிற்பகலில் அடுப்படியில் நிற்பது யார்? வீட்டு அம்மாள்தான். சாய்வு நாற்காலியில் கடற்காற்று வாங்குகிறவருக்கும், அடுப்பு முன் நிற்கிறவருக்கும் வெயில் ஒன்றல்ல. இருபது, முப்பது ஆண்டு பழகிய அண்டை வீட்டாரை விட்டு வருவதும் அவருக்குச் சுலபமல்ல. மயங்கி விழுந்தால் ஓடி வருவது காற்றல்ல, அண்டை வீட்டார்தான்.

கடற்கரை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கடலோரத்தில் ஆரோக்கியமாக வாழும் முதியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது எவ்வளவு விசாரிக்கிறார்கள்! ஊரையும் அப்படி விசாரிக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து அங்கே ஒரு மே மாதத்தைக் கழித்துவிட்டு, அதன் பிறகும் இருவரும் "சரி" என்று சொன்னால், தாராளமாகப் பத்திரம் பதியலாம்.