‘சூட் ஆகுமா?’ என்னும் ஒற்றைக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள்

தொப்புளில் வளையம் குத்திக்கொள்ள விரும்பும் மாணவி தன் விடுதித் தோழியிடம் முதலில் கேட்பது, ‘எனக்கு இது சூட் ஆகுமா?’ என்பதைத்தான். தில்லியிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் உள்ள வளாகங்களில் உரையாடல் எந்த இந்திய மொழியில் நடந்தாலும் இந்தச் சொல் பெரும்பாலும் மாறுவதில்லை. நிறம் சூட் ஆகிறது. மருந்து சூட் ஆகவில்லை. ஊர்த் தண்ணீர் சூட் ஆகவில்லை. தோற்றத்துக்கும் உடல்நலத்துக்கும் ஒரே சொல் போதுமானதாகிவிட்டது.

தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. புடவை எடுப்பாக இருக்கும். மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். மருந்து எடுப்பாக இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. கடன்சொல்லைப் பழிப்பதில் பயனில்லை. எல்லா மொழிகளும் கடன் வாங்குகின்றன. ஆனால் இந்த இடத்தில், இரு கேள்விகள் ஒன்றாய்க் கலந்ததால், முதற்கேள்வியின் விடையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ளப்படுகிறது. இடை மெலிந்தவளுக்குப் பொருந்தும், பருத்தவளுக்குப் பொருந்தாது என்று தோழியர் அவை தீர்ப்பளித்துவிடுகிறது. 1993இல் வெளிவந்த ஏரோஸ்மித் குழுவின் ‘க்ரையின்’ பாடற்காட்சிதான் இவ்வணியை உலகெங்கும் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. மெலிந்த இடையின் படிமத்தோடு சேர்ந்தே வந்த அணி, அந்தப் படிமத்தையே தகுதியாகவும் ஆக்கிக்கொண்டது.

உடற்கூறு இத்தீர்ப்பை ஏற்பதில்லை. தொப்புள் குத்துதல் என்று பெயரிருப்பினும் குத்தப்படுவது தொப்புளன்று; பெரும்பாலும் அதன் மேல்விளிம்பில் உள்ள தோல்மடிப்பே. அம்மடிப்புக்கு முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாக இருத்தல் வேண்டும். அதன் கீழே அணியின் குமிழ் தங்குவதற்குக் குழிவும் வேண்டும். நின்றால் திறந்திருக்கும் தொப்புள், உட்கார்ந்தால் முற்றிலும் மூடிக்கொள்ளுமாயின், கீழ்க்குமிழ் நாள்முழுதும் அழுத்தப்படும், அணி சாயும், உடல் அதனைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளும். இவ்வகைத் தொப்புள் மெலிந்தவர்க்கும் உண்டு. பருத்தவர் பலர்க்கு உறுதியான மடிப்பு அமைந்திருப்பதும் உண்டு. ஆகவே, விடை இருப்பது இடையளவில் அன்று. சில மில்லிமீட்டர் தோலில். கண்ணாடி முன் நின்றும் உட்கார்ந்தும் குனிந்தும் பார்ப்பதே முதற்சோதனை. மூடிக்கொள்ளும் தொப்புளுக்கெனக் கீழ்ப்புறம் பெரிய குமிழுக்கு மாற்றாகச் சிறு தட்டு வைத்துக் குத்தும் முறையும் உள்ளது. ஆனால் தோல்மடிப்பே இல்லாதவிடத்து மேலோட்டமாகக் குத்துவது, வடுவை விலைகொடுத்து வாங்குவதாகும்.

வெளியே துருத்திய தொப்புள் தனியே ஆராயத்தக்கது. அது குடலிறக்கமாக இருக்கக்கூடும். அங்கே ஊசி படுவது பெருந்தீங்கு. பித்தப்பை நீக்கம், கருத்தடை முதலியவற்றுக்கான லேப்ராஸ்கோப்பி அறுவையில் கருவி பெரும்பாலும் தொப்புளை ஒட்டியே செலுத்தப்படுகிறது. அந்த வடு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின் முடிவெடுப்பதே முறை.

அடுத்தது தோலின் இயல்பு. இதற்கான சான்று பெரும்பாலான இந்திய உடல்களில் முன்பே பதிவாகியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. குழந்தைப் பருவத்தில் காது குத்திய இடமும், மேற்கையில் பிசிஜி தடுப்பூசி போட்ட இடமும் இரு பழைய ஆய்வுகள். அவற்றுள் ஒன்றேனும் தடித்துப் புடைத்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால், அது கீலாய்டு வடுவாக இருக்கலாம். வயிற்றிலும் அவ்வாறே நிகழும் வாய்ப்பு மிகுதி. கருநிறத் தோலினரிடையேயும், குடும்பத்தில் அவ்வியல்பு உள்ளோரிடையேயும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மூன்றாவது சான்று ஜீன்ஸின் உலோகப் பொத்தான். அது படும் இடத்தில் அரிப்பும் சிவப்பும் வருபவர்க்கு நிக்கல் ஒவ்வாமை இருத்தல் கூடும். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என விற்கப்படும் எஃகிலும் நிக்கல் உண்டு. அவர்களுக்கு உடற்பதியத் தரமுள்ள டைட்டானியமே தக்கது.

பின் உடையும் வாழ்முறையும். காதுமடல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். தொப்புளுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். அத்தனை காலமும் சல்வாரின் நாடாவோ பாவாடைக் கயிறோ ஜீன்ஸின் பட்டையோ அவ்விடத்தை உராயாதிருக்க வேண்டும். இடுப்புக் கயிற்றின் ஓயாத உராய்வு தோலை எவ்வளவு புண்படுத்தும் என்பது இந்திய மருத்துவம் நெடுநாளாய் அறிந்தது. 1945இலேயே கானோல்கரும் சூரியாபாயும் வேட்டிக்கட்டால் வரும் தோல்புற்றைப் பதிவுசெய்தனர். அது பல்லாண்டு உராய்வின் அரிய விளைவு. குத்திய புண்ணுக்கோ சில வார உராய்வே போதும். நீச்சற்போட்டி, விளையாட்டு விழா, கோடைக் களப்பணி ஆகியவை முன்னிற்கும் பருவத்தில் குத்திக்கொள்வது நாளறியாமல் விதைப்பதற்கு ஒப்பாகும். குருதிக்கொடை அளிப்போர் சிறிதுகாலம் விலகியிருக்க நேரும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

இவ்வளவும் சொன்னால், ‘என் உடல், என் உரிமை, சோதிக்க நீ யார்?’ என்ற மறுப்பு எழுவது இயல்பு. அம்மறுப்புக்கு நியாயமும் உண்டு. இந்நாட்டில் இளம்பெண்ணின் உடல் பாட்டியிடமும் விடுதிக் காப்பாளரிடமும் அண்டைவீட்டாரிடமும் ‘கூடாது’ என்ற சொல்லைக் கேட்டுக்கேட்டே வளர்கிறது. அதனால், தோல்மடிப்புச் சொல்லும் ‘கூடாது’ என்பதும் அவர்களுடைய ‘கூடாது’ போலவே அவள் காதில் விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒன்று பிறர் அவள்மீது வைக்கும் அதிகாரம். மற்றது அவள் உடல் தன்னைப்பற்றித் தரும் செய்தி. முதலாவதை மறுக்கும் வேகத்தில் இரண்டாவதையும் மறுப்பவள், தன் உரிமையின் பாதியைத் தானே கைவிடுகிறாள். அறிந்து முடிவெடுப்பதும் அவ்வுரிமைக்குள் அடங்கியதே.

மறைவு இந்தத் தீங்கைப் பெருக்குகிறது. வீட்டுக்குத் தெரியாமல் குத்திக்கொண்டவள், சீழ் பிடித்தால் மருத்துவரிடம் செல்லவும் அஞ்சுகிறாள். தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசி, அணியைக் கழற்றி எறிகிறாள். துளை மூடிக்கொள்ள, சீழ் உள்ளேயே தங்கிவிடுகிறது. குடும்பத்தின் தடை தொப்புளைக் காக்கவில்லை. மருத்துவத்தைத் தள்ளிவைக்க மட்டுமே உதவியிருக்கிறது.

சுசுருத சங்கிதையில் காது குத்தும் முறையைக் கூறும் பகுதி, மடலைக் கதிரொளியில் பிடித்து, இயற்கையாகவே ஒளி ஊடுருவும் இடத்தைக் கண்டு அங்கே குத்தச் சொல்கிறது. குருதியும் நோவும் மிகுந்தால் தவறான இடத்தில் குத்தப்பட்டது என அறியச் சொல்கிறது. குத்துவதா வேண்டாமா என்று அது அழகை வைத்து வாதிடவில்லை. எங்கே இயலும் என்று உடலிடம் முதலில் கேட்டது. கடைத்தெருவில் துப்பாக்கிக் கருவியோடு காத்திருப்பவர் அதைக் கேட்பதில்லை; அக்கருவியின் நெகிழிப் பாகங்களை ஆட்டோகிளேவில் வைத்து நுண்ணுயிர் நீக்கவும் முடியாது. ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியை வைத்திருந்து, உட்காரச் சொல்லிப் பார்த்து, ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று பணத்தை மறுக்கத் துணிபவரே நம்பத்தக்கவர்.

எடுப்பாக இருக்குமா என்ற கேள்விக்கு விடைசொல்ல அவளைத் தவிர எவருக்கும் உரிமையில்லை. ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்கு விடைசொல்ல அவள் உடலைத் தவிர எதற்கும் தகுதியில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் கேட்டால் போதும். தோழியர் அவையில் இடையளவுக்கு வேலையிராது.