தெரியாமல் கலக்கும் மாத்திரை

குடிப்பவர் அறியாமலே உணவில் மருந்து கலந்து குடியை நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. அப்படிக் கலக்கப்படும் மருந்துகளுள் ஒன்று டைசல்பிராம். மதுவிலிருந்து உடலில் உருவாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சு சிதைவதை இது தடுக்கிறது. இதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளிக்கு உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின்னும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கக்கூடும். செய்தி அறிந்தவர் மதுவை விட்டு விலகி நிற்பார். அறியாதவர் வழக்கம்போல் கடைக்குத்தானே போவார்?

அரிதாக, குடிக்காமல் இருப்பவரின் கல்லீரலையும் இம்மருந்து தாக்குவதுண்டு. அதனால்தான் இரத்தப் பரிசோதனை தேவை. ரகசியமாகக் கொடுப்பவர் அதற்கு எதைச் சொல்லி அழைத்துச் செல்வார்?

மனைவியரைக் குறைகூற மனம் வரவில்லை. பந்தல்குடி போன்ற மானாவாரிச் சிற்றூரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வைத்தியத்துக்காகப் பேருந்தேறினால் இருவருக்கும் அன்றைய கூலி போய்விடும். கூட வருவதற்குக் கணவர் இசைந்தால்தான் அதுவும். 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்திவரும் அரசு, 2023-இல் 500 கடைகளை மூடியது. குடிநோயாளிக்கான ஆலோசனையும் கல்லீரல் பரிசோதனையும் தொடர் கண்காணிப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாரம் ஒரு நாளாவது கிடைக்கச் செய்வது அதனினும் கடினமான வேலையன்று.