திருதியையும் சேதாரமும்



காய்கறிக் கடையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்குகிற நம் தாய்மார்களைக் கவனித்திருப்பீர்கள். திருப்பித் திருப்பிச் சொத்தை பார்ப்பார்கள்; காம்பைக் கிள்ளிப் பார்ப்பார்கள்; தராசைப் பார்ப்பார்கள்; கடைசியில் கொசுறாகக் கறிவேப்பிலையும் கேட்டு வாங்குவார்கள். அதே தாய்மார்கள் அட்சய திருதியை என்றால், விடியற்காலையிலேயே நகைக்கடை வாசலில் வரிசையில் நின்று, ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டி, கொடுத்ததை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருகிறார்கள். பார்த்து வாங்கினாயா அம்மா என்று கேட்டால், "நல்ல நாளும் அதுவுமா சந்தேகப்படலாமா?" என்கிறார்கள். ஆண்கள் மாத்திரம் புத்திசாலிகள் என்று எண்ணிவிட வேண்டாம். வட்டிக்கு வாங்கிக் கொடுத்தனுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்து பிழைக்கிற ஒரு அம்மாள். மாதாமாதம் நகைச்சீட்டுக் கட்டி, திருதியை அன்று ஒன்றரைக் கிராமில் ஒரு மோதிரம் வாங்கினாள். எட்டு மாதம் கழித்துப் பையனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டி அதை அடகுக்குக் கொண்டு போனாள். அங்கே உரைத்துப் பார்த்தவர் இது 18 காரட்டுத் தரம்தான் தேறும் என்றார். இவள் காசு கொடுத்தது 22 காரட்டுக்கு. அதாவது, நூறு பங்கில் 91.6 பங்கு தங்கம் என்று சொல்லி விற்றதில் 75 பங்குதான் தங்கம். தங்கத்துக்கென்று கொடுத்த நூறு ரூபாயில் பதினெட்டு ரூபாய் அன்றைக்கே போய்விட்டது. அட்சயம் என்றால் குறையாதது என்று பொருளாம்!

கடையில் போய்க் கேட்டாளா என்றால், கேட்டாள். "இதில் முத்திரை இல்லையே, எங்கள் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன சாட்சி?" என்றார்களாம். ரசீது எங்கே என்று நான் கேட்டேன். "சாமி படத்துக்கு அடியில் வைத்தேன் அண்ணே, எங்கே போச்சோ" என்றாள்.

இந்த முத்திரை விஷயத்தைச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயம் என்பது 2021 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்றும் ஆயிற்று. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். சின்னம், 22 காரட்டானால் 916 என்ற தர எண், அந்த ஆறு இலக்கக் குறி. அந்தக் குறியை செல்போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் தட்டினால், பதிவு பெற்ற கடை எது, சோதித்த இடம் எது, நகை என்ன, தரம் என்ன என்பதெல்லாம் தெரிந்துவிடும். ராசிபலன் பார்க்கிற அதே செல்போனில் அரை நிமிஷ வேலை. முத்திரையிட்ட நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் வாங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2018ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் தையற்கார அம்மாள் எப்படி ஏமாந்தாள்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. உத்தரவிலேயே சில விலக்குகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாயமில்லை. தங்கக் காசுக்குக் கட்டாயமில்லை. ஆண்டு வியாபாரம் 40 லட்சத்துக்கு உட்பட்ட கடைக்கும் கட்டாயமில்லை. கடைக்காரர் மனம் வைத்தால் சிறு நகைக்கும் முத்திரை வாங்கித் தரலாம், வைக்காவிட்டால் கேட்பாரில்லை. இப்போது திருதியை வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். பத்துப் பவுன் வாங்குகிறவர் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பழரசம் குடித்துக்கொண்டு முத்திரை நகை வாங்குகிறார். வெயிலில் நிற்பவள் வாங்குவது ஒரு கிராம் காசு, ஒன்றரைக் கிராம் மோதிரம். எவளுக்கு ஒரு குன்றிமணித் தங்கம் குறைந்தாலும் வயிற்றில் அடிக்குமோ, அவள் வாங்குவதற்குத்தான் விலக்கு! ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரராவது இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இனி சேதாரம். தட்டார் கரியடுப்பில் உருக்கி, அராவி, இழைத்துச் செய்த காலத்தில் பொடி சிந்தியது உண்மைதான். தட்டார் தெருச் சாக்கடை மண்ணை அரித்துப் பிழைத்தவர்களும் உண்டு. இன்று சங்கிலியை இயந்திரம் பின்னுகிறது. சிந்திய பொடியைக் கூட்டி எடுத்து மறுபடி உருக்குகிறார்கள். சேதாரம் மாத்திரம் சேதமில்லாமல் இருக்கிறது. சில கடைகளில் அதற்கு வி.ஏ. என்று புதுப்பெயர் வைத்துவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பவுனுக்கு 80,000. சேதாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் 9,600. இரண்டும் சேர்ந்த தொகைக்கு மூன்று சதவீத வரி 2,688. ஆக 92,288 ரூபாய். மறுநாளே விற்கப் போனால் எட்டுக் கிராமுக்குத்தான் விலை. தங்கம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட முதலாவது வரும். இன்னொரு வேடிக்கை: சேதாரத்தை விலையின்மேல் சதவீதமாகப் போடுவதால் தங்கம் இரட்டித்தால் சேதார ரூபாயும் இரட்டிக்கிறது. விலை ஏறிவிட்டது என்பதற்காக அரம் இரண்டு மடங்கு அராவுகிறதா? அந்த அதிகப் பணம் பட்டறையில் வேலை செய்கிறவன் கூலியில் சேருகிறதா? அவனைக் கேட்டால் தெரியும்.

நாளைப்பற்றி ஒன்று. என்னைப் போல் நாற்பதைத் தாண்டியவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். நம் சிறு வயதில் நம் ஊர்களில் யாராவது திருதியைக்குத் தங்கம் வாங்கினார்களா? பஞ்சாங்கத்தில் நாள் இருந்தது. தானம் கொடுக்கிற நாள் என்றுதான் சொன்னார்கள். சமணர்கள் அன்று ஓராண்டு நோன்பைக் கரும்புச் சாறு குடித்து முடிக்கிறார்கள். கொடுக்கிற நாளைக் கொள்முதல் நாளாக மாற்றியது பத்திரிகை விளம்பரமும் தொலைக்காட்சியும்தான். சாஸ்திரம் எழுதியவர்கள்கூட இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு வழக்கத்தை உண்டாக்கியதில்லை.

அப்படியானால் தங்கமே வாங்காதே என்கிறாயா என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நிலமும் வீடும் புருஷன் பேரில் இருக்கிற குடும்பத்தில், அவசரத்துக்குப் பெண்ணின் கையில் இருப்பது அந்தக் குன்றிமணித் தங்கம் ஒன்றுதான். அதனால்தான் அது தங்கமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சென்ற வாரம் அந்த அம்மாள் மறுபடியும் சீட்டுச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். இந்தத் தடவை இரண்டு கிராமுக்கு மேல்தான் எடுப்பாளாம். ஆறு இலக்கக் குறியைத் தன் மகனை விட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்வாளாம். நல்லது, கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் போய் நிதானமாகப் பார்த்து வாங்கேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் அண்ணே" என்றாள்.