புல்வெட்டும் ரோபோ நின்றுவிட்டால்



ஏப்ரல் பிறந்தால் எங்கள் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதி வளவைப் பற்றியதாகத்தான் இருக்கும். மிளகாய்க் கன்றை எப்போது வெளியே வைக்கலாம், குளிரில் இலை கொட்டிய கறிவேப்பிலை மறுபடி தளிர்க்குமா என்று கேட்பீர்கள். இம்முறை ஜேர்மனியிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்த கடிதங்களில் புல்வெட்டும் ரோபோதான் முன்னுக்கு நிற்கிறது. “மாரி முழுக்கக் கராஜில் கிடந்தது, வெளியே எடுத்துவிட்டால் அசையுதில்லை” என்கிறார் ஒருவர். “புதுசு வாங்குவோம் என்று மகன் நிற்கிறான், என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார் ஓர் அம்மா.

பொறுங்கள் அம்மா. சேமித்து வாங்கிய பொருளை அவசரப்பட்டு எறிய வேண்டாம். நின்றுபோன மெசின்களில் பலவற்றை வீட்டிலேயே ஓட வைத்துவிடலாம். எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய சக்தியில் ஓடும் முதல் புல்வெட்டும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1995இல். வடிவம் எவ்வளவோ மாறிவிட்டது, ஆனால் அடிப்படை வேலை இன்றும் அதேதான். நாளாந்தம் ஓடி, புல் நுனியில் சில மில்லிமீற்றரை மட்டும் நறுக்கி அங்கேயே உதிர்த்துவிடும். வளர்ந்த புல்லைச் சாய்க்கிற பலம் அதற்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சில வேளை பழுதே இருக்காது. வெட்டும் நேர அட்டவணையைப் பாருங்கள். ஜேர்மனியில் குடியிருப்புப் பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் புல்வெட்டும் இயந்திரம் ஓடக்கூடாது, மற்ற நாட்களில் இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை ஓடக்கூடாது என்று சட்டம் இருப்பதால், பூட்டித் தந்தவரே ஞாயிறை நீக்கி வைத்திருப்பார். மழை உணரி உள்ள மெசின் ஈரம் காயும்வரை வெளியே வராது. யாராவது தூக்கி வைத்திருந்தால் இரகசிய எண்ணை அடித்தால்தான் மறுபடி கிளம்பும்.

அடுத்தது வயர். கடிதங்களில் அதிகம் வந்திருப்பது இந்தத் தொல்லைதான். புல்தரையைச் சுற்றி ஓடும் எல்லை வயரில் சார்ஜ் நிலையம் ஒரு மெல்லிய சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது கேட்டால்தான் எங்கே திரும்புவது என்று ரோபோவுக்குத் தெரியும். ஓரிடத்தில் அறுந்தாலும் முழுச் சுற்றும் செத்துவிடும். நிலையத்தில் உள்ள லைட் நிறம் மாறி அதைக் காட்டிக்கொடுக்கும். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது கைநூலில் இருக்கும். பூக்கன்று வைக்க மண்வெட்டி போட்ட இடம், வசந்தத்தில் பாசி கிளறிய இடம், எலி கடித்த இடம், முன்பு ஒட்டுப்போட்ட இடம், இவற்றை முதலில் பாருங்கள்.

கண்ணுக்குப் படவில்லையா? பழைய ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தால் எடுங்கள். ஊரில் இலங்கை வானொலி கேட்ட அதே மத்திய அலைக்குத் திருப்பி, ஒலிபரப்பு எதுவும் பிடிக்காத இடத்தில் வைத்து, தரையோடு ஒட்டி வயரின் வழியே மெதுவாக நடவுங்கள். பல மெசின்களின் சமிக்ஞை ரேடியோவில் ‘டிக் டிக்’ என்றோ இரைச்சலாகவோ கேட்கும். அது அமுங்குகிற இடத்தில் மண்ணைக் கிளறுங்கள். சிக்கன முறையில் வைத்திருந்தால் ரோபோ நிலையத்தில் நிற்கும்போது சமிக்ஞை நின்றுவிடும். அந்தச் சிக்கன முறையை முதலில் அணைத்துவிட வேண்டும். ரேடியோ கைகொடுக்காவிட்டால் பாதி பாதியாகப் பிரித்துத் தேடலாம். புது வயர்த் துண்டொன்றை நிலையத்திலிருந்து சுற்றின் நடுப்பகுதிக்குப் புல்லின் மேலாகவே இழுத்து, ஒரு பாதிக்குப் பதிலாக அதை இணைத்துப் பாருங்கள். லைட் சரியானால் கழற்றிவிட்ட பாதியில்தான் அறுந்திருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். நேரம் எடுக்கும், ஆனால் தப்பாது.

ஒட்டுப்போடும்போது கஞ்சத்தனம் வேண்டாம். வயரை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றினால் ஈரம் உள்ளே போய்ச் செம்பு பச்சை பிடித்துவிடும், பிறகு அதே இடத்தைத் திரும்பத் தோண்ட வேண்டிவரும். இதற்கென்றே உள்ளே பசை நிரப்பிய சிறு இணைப்பிகள் கடையில் கிடைக்கும். வயரின் தோலை உரிக்கத் தேவையில்லை. இரண்டு முனையையும் துளையின் அடிவரை தள்ளி, மேல் மூடி முழுக்க அமரும் வரை குறட்டால் நெரியுங்கள். ஓரத்தில் பசை பிதுங்கினால் வேலை சரி.

மெசின் ஓடுகிறது, புல் அழகாக இல்லை என்றால் பிளேட்டைப் பாருங்கள். புல்லின் நுனியைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடியுங்கள். கூரான பிளேட் வெட்டிய நுனி நேர்கோடாக இருக்கும். மழுங்கியது பிய்த்திருக்கும், நார் நாராக வெளிறி இரண்டு நாளில் பழுப்பாகும். பல மெசின்களில் தட்டின் அடியில் மூன்று சிறு பிளேட்கள் தாராளமாகச் சுழலும்படி பூட்டப்பட்டிருக்கும். மாற்றும்போது மூன்றையும் சேர்த்து, ஸ்குரூவோடு மாற்றுங்கள். பழைய ஸ்குரூ தேய்ந்திருந்தால் ஓட்டத்தில் பிளேட் கழன்று பறக்கும். முக்கிய சுவிட்சை அணைக்காமல் மெசினைக் கவிழ்க்கவே கூடாது. கையுறையும் போடுங்கள்.

“தூக்கப்பட்டது”, “மோதியது” என்று திரையில் வீணாகக் காட்டினால் முன்சக்கர அச்சில் புல் சுற்றியிருக்கும், அல்லது மேல்மூடிக்கும் உடலுக்கும் நடுவில் அடைந்திருக்கும். தூரிகையால் துப்புரவாக்குங்கள், அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டாம். பின்சக்கரப் பள்ளங்களில் சேறு நிரம்பினால் சரிவில் வழுக்கும். நிலையத்துக்குப் போயும் சார்ஜ் ஏறவில்லையென்றால், மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, தொடும் உலோகத் தகடுகளை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். வயர் இல்லாத, செய்மதி வழியே இடமறியும் புது வகைகள் சுவரோரத்திலும் மரத்தடியிலும் தடுமாறினால் அன்ரெனாவைத் திறந்த வானத்தின் கீழ் மாற்றி வைத்துப் பாருங்கள். இவ்வளவும் செய்து சரிவராவிட்டால் பற்றரியோ மோட்டரோ காரணமாக இருக்கும். அதைத் திருத்துபவரிடம் விடுவதுதான் நல்லது.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க மனம் வரவில்லை. வசந்தத்தில் புல் முழங்கால் அளவு ஏறிவிட்டால், ரோபோ திணறுகிறதே என்று இரவு பகலாக ஓடவிடுகிறோம். முதலில் சாதாரண மெசினால் ஒருமுறை வெட்டிவிட்டு ரோபோவை விடுங்கள். இரவில் விடவே வேண்டாம். முள்ளெலிகள் இரை தேடுவது இருட்டில். ஆபத்து வந்தால் அவை ஓடாது, சுருண்டு அப்படியே கிடக்கும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 18 மெசின்களைச் சோதித்தார்கள். முட்டாமல் முள்ளெலியைக் கண்டுகொண்டது ஒன்றுகூட இல்லை, சில அதைக் கடுமையாக வெட்டிக் காயப்படுத்தின. 2024இல் ஜேர்மனியின் கேள்ன் நகரம் இரவில் இவை ஓடுவதைத் தடைசெய்தது. அதே ஆண்டு ஐரோப்பிய முள்ளெலி அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகச் சேர்க்கப்பட்டது. நம் வேலியடியில் வந்து ஒண்டுகிற சீவன் அது. நத்தையையும் பூச்சியையும் தின்று நம் தோட்டத்துக்கு உதவுகிறது.

உங்கள் மெசினில் என்ன தொல்லை வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். இன்றைக்கே அட்டவணையைத் திறந்து, சூரியன் மறைந்த பிறகு உள்ள நேரங்களை நீக்கிவிடுங்கள். பிள்ளைகள் புல்லில் விளையாடும் நேரத்தையும் சேர்த்து நீக்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்