கிக்-ஆஃப் மீறலுக்கு ஸ்க்ரம் போதாது

பதினைந்து பேர் ஆடும் ரக்பியில், நடுக்கோட்டின் மையத்தில் பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது உதைப்பதே கிக்-ஆஃப். அப்போது உதைக்கும் அணியினர் அனைவரும் பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரணியினர் 10 மீட்டர் கோட்டைத் தாண்டி வரக்கூடாது. முதல் விதியை மீறினால் எதிரணிக்கு ஸ்க்ரம். இரண்டாவதை மீறினால் மறு உதை, அவ்வளவுதான். கால் தவறியவருக்கு இது பொருத்தமான தண்டனை. தெரிந்தே மீறுபவருக்கு இது தண்டனையே அல்ல.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, இரண்டு புள்ளி முன்னிலையில் உள்ள அணி பந்தை எதிர்பார்த்து நிற்கிறது என்று கொள்வோம். உதைக்கு முன்பே அதன் வீரர் கோட்டைத் தாண்டி ஓடி வருகிறார். நடுவர் விசில் ஊதி மீண்டும் உதைக்கச் சொல்கிறார். கடிகாரம் நிறுத்தப்படாவிட்டால், பந்து திரும்பி வருவதற்குள் கரைந்த விநாடிகள் மீறிய அணிக்கே லாபம்.

இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. எந்த விதியையும் வேண்டுமென்றே மீறினால் பெனால்டி என்கிறது 9ஆம் சட்டம். நடுக்கோட்டருகே கிடைக்கும் பெனால்டியை எதிரணியின் மூலைவரை வெளியே உதைத்து லைன்-அவுட் பெறலாம். கால் பலமுள்ளவர் 3 புள்ளிக்கே குறிவைக்கலாம். அந்த அச்சம் இருந்தால் எந்தப் பயிற்சியாளரும் இந்தத் தந்திரத்தைச் சொல்லித் தரமாட்டார்.

உள்நோக்கத்தை நடுவர் எப்படி அறிவார் என்ற கேள்வி நியாயமானது. 2017 ஜூலை 8 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில், நியூசிலாந்தும் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸும் 15-15 என்று சமநிலையில் நின்றபோது, நியூசிலாந்து வீரர் பாரெட்டின் மறுதொடக்க உதைக்கு அவருடைய அணித்தோழர் கீரன் ரீட் எகிறினார். லயன்ஸின் லியாம் வில்லியம்ஸ் கையில் பட்டு முன்னே சென்ற பந்தை, ஆஃப்சைடில் நின்ற கென் ஓவன்ஸ் பிடித்தார். நடுவர் ரோமன் புவாட் முதலில் பெனால்டி கொடுத்தார். பிறகு தற்செயல் என்று ஸ்க்ரமாகக் குறைத்தார். அந்த ஆட்டமும் டெஸ்ட் தொடரும் சமநிலையில் முடிந்தன. நடுவரின் அந்த முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஆனால் அது கண்ணிமைப்பில் நடந்த அனிச்சைச் செயல். உதைக்கு முன்பே கோட்டைத் தாண்டி ஓடுவது அப்படியல்ல. காத்திருக்க நேரமிருந்தும் காத்திராமல் செய்வது. அங்கே மனத்தைப் படிக்கத் தேவையில்லை, கால்களைப் பார்த்தாலே போதும்.

ஆகவே, முதல் மீறலுக்கு வழக்கமான தண்டனையுடன் கடிகாரத்தை நிறுத்தி, அணித்தலைவரை அழைத்து எச்சரிக்க வேண்டும். மறுமுறை பெனால்டி. அதற்கு மேலும் தொடர்ந்தால் மஞ்சள் அட்டை, 10 நிமிடம் வெளியே. கடைசி நிமிடங்களில் இரண்டு மூன்று எட்டு முன்னே ஓடுபவருக்கு எச்சரிக்கையும் வேண்டாம், நேராகப் பெனால்டிதான். ஒரு துணை நடுவர் நடுக்கோட்டையும் மற்றவர் 10 மீட்டர் கோட்டையும் கவனித்தால் இதில் ஐயமே எழாது.

இத்தகைய கண்டிப்பு புதிதல்ல. எழுவர் ரக்பியில் கிக்-ஆஃப் பிழைக்கே ஃப்ரீ கிக் தரப்படுகிறது. உயரமான உதைகளைத் துரத்துவோருக்குக் குறுக்கே வேலிபோல் ஓடுவதை, 2024 நவம்பர் முதல் சர்வதேச ஆட்டங்களில் நடுவர்கள் கறாராகத் தண்டிக்கிறார்கள். புதுச் சட்டம் எதுவும் எழுதாமல், இருந்ததையே அமலாக்கினார்கள். கிக்-ஆஃபுக்கும் உலக ரக்பி அமைப்பு அதேபோன்ற அறிவுறுத்தலை உடனே அனுப்ப வேண்டும்.