கணக்குப் போட்டவர் ஓட்டுக் கேட்ட கதை

கரண்ட் பில் வந்ததும் நாம் யாரைத் திட்டுவோம்? முதலில் மீட்டரை. அப்புறம், ஏ.ஸி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கும் தம்பியை. 'யூனிட்டுக்கு இவ்வளவு வாங்கிக்கொள்ளலாம்' என்று எங்கேயோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாரே ஒரு புண்ணியவான், அவரை மட்டும் விட்டுவிடுவோம். பேர் தெரிந்தால்தானே திட்ட!

அமெரிக்காவில் சுமார் பத்து மாநிலங்களில் அந்தப் புண்ணியவானை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியும் பேர் தெரியாது என்பது வேறு விஷயம். வக்கீல், வியாபாரி, பழைய எம்.எல்.ஏ. என்று நிற்கிற இந்தத் தேர்தலில், கரண்ட் கணக்கே தொழிலாக உள்ள ஓர் ஆசாமி போய் நின்றால் என்ன ஆகும்? ஜார்ஜியா மாநிலத்தில் 2025-ல் அது நடந்தது.

முதலில் அந்தக் கமிஷனைப் பற்றி நாலு வரி. 1879-ல் ரயில்வே கட்டணத்தைக் கண்காணிக்க ஆரம்பித்தது. 1922-ல் 'பப்ளிக் சர்வீஸ் கமிஷன்' என்று பெயர் மாற்றம். நம்மூர்ப் பழக்கத்தில் குரூப் ஃபோர் பரீட்சை நடத்துகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இவர்கள் வேலை கரண்டு, காஸ் கட்டணங்கள். மொத்தம் ஐந்து பேர். ஒருத்தருக்கு ஆறு வருஷப் பதவி. 'ஜார்ஜியா பவர்' என்ற கம்பெனியின் சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்களின் பில் இவர்கள் கையில்.

ஏன் இப்படி ஒரு கமிஷன்? ஒரு தெருவில் நாலு கம்பெனி நாலு வரிசை கம்பம் நட முடியாது. அதனால் ஒரே கம்பெனிக்கு ஏகபோக உரிமை. போட்டி இல்லாததால் விலையை அரசாங்கம் தீர்மானிக்கும். எப்படி? கம்பெனி எரிபொருள் வாங்கிய செலவை லாபம் சேர்க்காமல் அப்படியே ஜனங்களிடம் வசூலிக்கலாம். ஆனால் மின் நிலையம், கம்பி, கம்பம் என்று போடும் முதலுக்கு மேலே லாபம் உண்டு. ஜார்ஜியாவில் 2022-ல் கமிஷன் அனுமதித்த லாபம், பங்கு முதலுக்கு 10.5 சதவிகிதம்.

பி.காம். படித்தவர்களுக்கு இந்த இடத்தில் மூக்கில் வியர்த்திருக்கும். கல்யாணச் சமையல்காரரிடம், 'ஆகிற செலவில் பத்து சதவிகிதம் உங்கள் கூலி' என்று சொல்லிப் பாருங்கள். ரசத்தில்கூட முந்திரிப்பருப்பு மிதக்கும்! இதையே 1962-ல் ஏவர்ச், ஜான்சன் என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் சமன்பாடு போட்டு எழுதினார்கள். லாபம் முதலைப் பொறுத்தது என்றால், கம்பெனி தேவைக்கு மேலேயே முதல் போடும் என்பது சாராம்சம். (ஜான்சன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.)

முந்திரிப்பருப்பு வோகல் என்ற இடத்தில் மிதந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த அணுமின் நிலையத்தில் புதிதாக இரண்டு உலைகள் கட்ட 2009-ல் கமிஷன் சம்மதித்தது. 2016, 2017-ல் ரெடி என்றார்கள். எல்லாக் கூட்டாளிகளுக்கும் சேர்த்து மதிப்பீடு சுமார் 1,400 கோடி டாலர். கட்டி முடித்தது 2023-லும் 2024-லும். செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இதில் வேடிக்கை, கட்டுமானக் கடனுக்கான வட்டியை 2011 முதலே வாடிக்கையாளர் பில்லில் வசூலித்ததுதான். சாவி கையில் வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே ஃப்ளாட்டுக்கு வட்டி கட்டிய மாதிரி.

நடுவில், 2017-ல், உலைகளை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியே திவால் நோட்டீஸ் கொடுத்தது. பக்கத்து மாநிலமான தென் கரோலினாவில் இதே ரக உலை வேலையைப் பாதியில் கைவிட்டார்கள். ஜார்ஜியாவில் கமிஷனின் சொந்த ஊழியர்களும், அவர்கள் வைத்த நிபுணர்களும் கூட்டிக் கழித்துப் பார்த்து, 'இதைத் தொடர்வது வாடிக்கையாளருக்குக் கட்டுப்படியாகாது' என்று சாட்சியம் சொன்னார்கள். அந்த டிசம்பரில் கமிஷன் ஓட்டெடுத்தது. 'தொடரலாம்' - ஐந்துக்கு ஐந்து!

கவனியுங்கள். கணக்குப் போட ஆள் இல்லாமல் இல்லை. கணக்கு ஃபைலிலேயே இருந்தது. போட்டவருக்குத்தான் ஓட்டு இல்லை. கடைசியில் 2023-ல் செலவில் ஒரு பகுதியைக் கம்பெனி ஏற்றுக்கொள்ள, 756 கோடி டாலரை வாடிக்கையாளர் தலையில் வைக்கக் கமிஷன் அனுமதித்தது.

நியாயமாக இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த உலைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 1,100 மெகாவாட், புகை இல்லாத மின்சாரம், பல பத்து வருஷம் வரும். 'தொடங்கியதை முடித்துக் காட்டினோம்' என்று கமிஷன்காரர்கள் சொன்னதில் உண்மை உண்டு. விலை என்ன என்று கேட்டால்தான் தொண்டையைச் செருமினார்கள்.

இப்போது நம் ஆசாமி. பெயர் பீட்டர் ஹப்பர்ட். சோதனைச்சாலை, வெள்ளைக் கோட்டு விஞ்ஞானி இல்லை. எந்த நிலையம் எத்தனை மணிக்கு ஓடினால் என்ன செலவு என்று கம்ப்யூட்டரில் மாதிரி போட்டுப் பார்க்கிற எரிசக்தி ஆய்வாளர். தேர்தலுக்குச் சில வருஷம் முன்பிருந்தே கமிஷன் விசாரணைகளில் தானாகவே மனுப் போட்டு, கம்பெனியின் கணக்குக்கு எதிர்க்கணக்கு வைத்தவர். புதிய காஸ் நிலையத்தைவிடச் சூரிய ஒளியும் பேட்டரியும் மலிவு என்பது அவர் வாதம். விசாரணையில் பேசலாம்; ஃபைலில் சேரும்; ஓட்டு மட்டும் அந்த ஐந்து பேருக்கு. சரி, அந்த நாற்காலிக்கே நிற்போம் என்று கிளம்பிவிட்டார்.

நிற்பதற்குத் தேர்தல் வேண்டுமே? ஐந்து பேரையும் மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை கறுப்பின வாக்காளர்களின் பலத்தைக் குறைக்கிறது என்று ஒரு வழக்கு. அது கோர்ட் படிகளில் ஏறி இறங்கியதில் 2022-லும் தேர்தல் இல்லை, 2024-லும் இல்லை. இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். அந்த இடைவெளியில் இரண்டு மூன்று வருஷத்துக்குள் கரண்ட் பில் ஆறு தடவை ஏறியது. தேர்தல் நின்றாலும் மீட்டர் நிற்காது, சார்!

ஒருவழியாக 2025-க்குத் தேதி குறித்தார்கள். ஜூலையில் கமிஷன், 'மூன்று வருஷத்துக்கு அடிப்படைக் கட்டணம் ஏறாது' என்று அறிவித்தது. ஓட்டுப்பதிவுக்கு நாலு மாசம் முன்னால் இப்படி ஒரு கருணை. புயல் சேதச் செலவைப் பிறகு தனியாக வசூலிப்பார்களாம் என்பது அடியில் இருந்த பொடி எழுத்து.

நவம்பர் 4, 2025. ஹப்பர்ட் எதிர்த்தது, கவர்னர் நியமித்திருந்த ஃபிட்ஸ் ஜான்சனை. இன்னொரு இடத்தில் டிம் எக்கோல்ஸை எதிர்த்தவர் அலிஷியா ஜான்சன். ஒரு ஜான்சன் தோற்றார், ஒரு ஜான்சன் ஜெயித்தார். ஹப்பர்ட்டுக்கும் அலிஷியாவுக்கும் 60 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டு. டெல்லிக்கு எம்.பி. அனுப்புவது போல வாஷிங்டனுக்கு அனுப்பும் செனட் தேர்தல்களை விட்டுவிட்டால், அவர்களுடைய ஜனநாயகக் கட்சி ஜார்ஜியாவில் மாநில அளவிலான பதவி ஒன்றை ஜெயித்தது 2006-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

சூரிய ஒளிக் கணக்குக்கா இவ்வளவு ஓட்டு? சமையலறை மேஜையில் கிடந்த பில்லுக்கு! ஹப்பர்ட் போட்ட மாதிரியின் தசமப் புள்ளியை எத்தனை பேர் சரிபார்த்திருப்பார்கள்? 'ஆறு தடவை' என்பதை மட்டும் எல்லோரும் விரல் விட்டு எண்ணியிருந்தார்கள். கணக்குத் தெரிந்தவருக்குக் கோபத்தின் பாஷையும் தெரிந்திருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் ஃபைலோடு நின்றிருப்பார்.

சுபம் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். டிசம்பர் 19, 2025 அன்று, புதியவர்கள் வந்து உட்காருவதற்குள், பழைய ஐவர் கூடி ஏறக்குறைய 10,000 மெகாவாட் புதிய மின்சாரத் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். பெரும்பங்கு, வரப்போகும் டேட்டா சென்டர்களுக்காக. இம்முறையும் எதிர்ப்பு ஓட்டு இல்லை. புதியவர்கள் ஐந்தில் இரண்டே பேர். அதிலும் ஹப்பர்ட் ஜெயித்தது ஒரு வருஷ மிச்சப் பதவியை. அதே நாற்காலிக்கு 2026 நவம்பரிலேயே மறுபடி தேர்தல் என்று விதி.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த எண், பத்தாயிரமும் இல்லை, மூவாயிரம் கோடியும் இல்லை. மூன்று. கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2025 ஜூனில் நடந்த முதல் சுற்றுக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் மூன்று சதவிகிதத்துக்கும் குறைவு. கணக்குப் போடும் ஆள் களத்தில் இருப்பாரா, வீட்டுக்குப் போவாரா என்று தீர்மானித்தது அந்த வெயில் காலத்து மூன்று சதவிகிதம். மற்ற தொண்ணூற்றேழு பேர் அன்றைக்கு ஏ.ஸி. ரூமில் இருந்திருப்பார்கள்.

அதற்கும் பில் வந்திருக்கும்.