போர்ச் செய்திக்குப் பாதிப் பாடம்

கோவைப் பக்கமிருந்து வேலந்தாவளம் வழியாக மாநில எல்லையைத் தாண்டினால் வடகரப்பதி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த பஞ்சாயத்து. தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும் பகுதி. வடமேற்கு எல்லையில் குண்டு விழுந்தால் அந்தச் செய்தி இங்கே நேராக வந்துவிடுவதில்லை. தில்லியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பிறந்து, சென்னையிலோ கொச்சியிலோ ஒரு மேஜையில் மொழி மாறி, அப்புறம்தான் வந்து சேர்கிறது. வழியில் அதற்கு என்ன நேர்கிறது என்பதுதான் விஷயம்.

2025 மே 8 இரவை யாரும் எளிதில் மறக்க முடியாது. ஆபரேஷன் சிந்தூரின் இரண்டாம் நாள். கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தகர்த்துவிட்டதாகப் பல தேசிய சானல்கள் அறிவித்தன. ஸ்டுடியோக்களில் அபாயச் சங்கு அலறியது. பொழுது விடிந்தபோது துறைமுகம் இருந்த இடத்தில்தான் இருந்தது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பூஞ்சில் நடந்ததைக் கேட்டுச் சிரிக்க முடியாது. பாகிஸ்தான் தரப்பின் பீரங்கித் தாக்குதலில் அங்கே உயிரிழந்த ஓர் ஆசிரியரைச் சில சானல்கள் பயங்கரவாதி என்று சொல்லிவிட்டன. அது பொய் என்று பூஞ்ச் போலீஸ் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. இழவு வீட்டுக்கு அந்த மறுப்பு எந்த வகையில் ஆறுதல்?

இப்படி நடக்கும் என்று கால் நூற்றாண்டுக்கு முன்பே எச்சரிக்கை வந்திருக்கிறது. கார்கில் போர் 1999 ஜூலை 26 அன்று முடிந்தது. மூன்றே நாளில் அரசு ஒரு பரிசீலனைக் குழுவை அமைத்தது. தலைவர், திருச்சியில் பிறந்த பாதுகாப்பு நிபுணர் கே. சுப்ரமணியம். உறுப்பினர்களில் ஒருவர் மூத்த பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ். 1962 சீனப் போரில் அரசு நிர்வாகமே காலி செய்துவிட்டுப் போன தேஜ்பூரில் தங்கியிருந்து எழுதியவர் அவர். அந்தக் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உளவுத் துறையின் தவறுகள் பற்றி அது சொன்னது பெரிதாகப் பேசப்பட்டது. பத்திரிகைகள் பற்றிச் சொன்னதை யாரும் அதிகம் கவனிக்கவில்லை. ராணுவ விஷயங்களிலும் போர்ச் செய்தி சேகரிப்பிலும் பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி இல்லை. பத்திரிகையாளர்களுக்கு உதவவும் பொய்ப் பிரசாரத்தை முறியடிக்கவும் ராணுவத்துக்குப் பயிற்சி இல்லை என்பதே அதன் சாரம். குற்றம் இரு தரப்பிலும் என்பதுதான் அதில் முக்கியம்.

அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் விதிகள். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலை டி.வி.க்கள் நேரடியாகக் காட்டிக்கொண்டிருக்க, பாகிஸ்தானில் இருந்தவர்கள் அதைப் பார்த்தபடியே தங்கள் ஆட்களுக்குப் போனில் வழிகாட்டினார்கள். 2012இல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சானல்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் டி.வி. விதிகள் திருத்தப்பட்டன. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரடியாக ஒளிபரப்பக் கூடாது. அது முடியும்வரை, அரசு நியமித்த அதிகாரி அவ்வப்போது சொல்வதை வைத்தே செய்தி தர வேண்டும்.

மறு ஆண்டே பதான்கோட். 2016 ஜனவரியில் அந்த விமானப்படைத் தளத்தில் வெடிகுண்டை அகற்றும்போது லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் உயிரிழந்தார். பாலக்காடு மாவட்டத்தின் எளம்புலாச்சேரிக்கு அவர் உடல் வந்தபோது மக்கள் திரண்டு நின்றார்கள். அந்தத் தாக்குதலை ஒளிபரப்பிய விதத்துக்காக என்.டி.டி.வி. இந்தியாவை ஒரு நாள் நிறுத்தி வைக்க அரசு அதே ஆண்டு நவம்பரில் உத்தரவிட்டது. மற்ற ஊடகங்களில் ஏற்கெனவே வந்த தகவலைத்தான் சொன்னோம் என்றது சானல். எதிர்ப்பு எழவே உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. எது ரகசியம், எது ஊரறிந்த செய்தி என்பதில் இரு தரப்புக்கும் ஒத்த கருத்து இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று.

எதைக் காட்டக் கூடாது என்று விதி சொல்லும். எப்படி எழுதுவது என்று பயிற்சிதான் சொல்லித் தர முடியும். பாதுகாப்பு அமைச்சகம் பத்திரிகையாளர்களுக்கென ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறது. போர்க் கப்பல், விமானத் தளம், எல்லையோர முகாம் என்று அழைத்துப் போகிறார்கள். பயனுள்ள ஏற்பாடுதான். பீரங்கிக்கும் டாங்கிக்கும் வித்தியாசம் தெரியாதவர் போர்ச் செய்தி எழுதுவது, ஆட்டம் தெரியாதவர் கிரிக்கெட் வர்ணனை செய்வது போன்றது. ஆனால் அங்கே போகிறவர் நிருபர். அவர் அனுப்புவதை இரவு பதினோரு மணிக்குத் தமிழாக்கும் உதவி ஆசிரியருக்கு இந்தப் பாடத்தை யார் எடுப்பது?

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: காஷுவல்ட்டி. ராணுவ வழக்கில் இறந்தவர், காயமடைந்தவர் எல்லாரையும் சேர்த்த கணக்கு அது. தமிழ் மேஜையில் அது பல சமயம் 'பலி' ஆகிவிடுகிறது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்தது. சீனத் தரப்பில் இறந்தவர்களும் படுகாயமடைந்தவர்களுமாக 43 பேர் என்று ஒரு செய்தி நிறுவனம் சொன்னது. சில மணி நேரத்தில் நாட்டின் பல மூலைகளில் அது '43 சீன வீரர்கள் பலி' என்றாகிவிட்டது. நாலு பேர் இறந்ததாகச் சீனா ஒப்புக்கொண்டது 2021 பிப்ரவரியில். அந்த எண்ணிக்கையையும் பலர் நம்பவில்லை. ஆனால் 43 பேர் செத்தார்கள் என்பது சீனா சொன்னதும் அல்ல, இந்தியா சொன்னதும் அல்ல. அது மேஜையில் பிறந்த கணக்கு.

இதுபோல் இன்னும் உண்டு. மேஜர், லெப்டினன்டைவிடப் பெரியவர்; ஆனால் லெப்டினன்ட் ஜெனரல், மேஜர் ஜெனரலைவிடப் பெரியவர். கம்பெனி என்றால் சுமார் நூறு வீரர்கள், பட்டாலியன் என்றால் பல நூறு. தெரியாமல் எழுதினால் ஒரு சிறு மோதல் பெரும்போராகிவிடும்.

ராணுவத்தின் பாடமும் பாக்கி இருக்கிறது. கல்வானில் இந்தியத் தரப்பில் மூன்று பேர் இறந்ததாக ஜூன் 16 மதியம் ராணுவம் அறிவித்தது. இரவில் அது 20 ஆயிற்று. இடைப்பட்ட நேரத்தை வதந்தி நிரப்பியது. தகவல் தாமதமானால் வதந்திக்குக் கொண்டாட்டம்.

தமிழ் வாசகருக்கு இதில் பழைய கசப்பு ஒன்றும் உண்டு. 1987 அக்டோபர் 10 அன்று யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போரைத் தொடங்கிய இந்திய அமைதிப்படை, ஈழமுரசு, முரசொலி நாளேடுகளின் அச்சகங்களைத் தகர்த்தது. பதினோரு நாள் கழித்து யாழ்ப்பாணம் பொது மருத்துவமனையில் மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் எனப் பலர் அந்தப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளிருந்து சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்றது ராணுவத் தரப்பு. உயிர் தப்பியவர்கள் அதை மறுத்தார்கள். பத்திரிகையை மூடிவிட்ட இடத்தில் யார் சொல்வது உண்மை என்று கேட்க ஆள் இல்லாமல் போகிறது. அதனால் கடைசியில் நஷ்டப்படுவது ராணுவத்தின் வார்த்தைதான்.

வெளிநாட்டுக்காரர்களும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் படை கூஸ் கிரீனைத் தாக்கும் முன்பே பி.பி.சி. வானொலி அதைச் சொல்லிவிட்டது. களத்தில் இருந்த தளபதி கொதித்துப்போனார். ஆனால் தகவல் கசிந்தது களத்து நிருபரிடமிருந்து அல்ல, லண்டனிலிருந்து. 2003 இராக் போரில் அமெரிக்கா நிருபர்களைப் படைப் பிரிவுகளோடு சேர்த்தே அனுப்பியது. அவர்கள் கண்டது நிஜம்; ஆனால் டாங்கியின் மேலிருந்து தெரிந்த நிஜம். குண்டு விழுந்த வீட்டுக்குள் இருந்தவருக்கு அது வேறு மாதிரி தெரியும்.

எனவே பாடத்தை ராணுவம் மட்டுமே நடத்தினால் போதாது. போர்முனையைப் பார்த்த நிருபர், போர் விதிகள் தெரிந்த வழக்கறிஞர், குண்டு விழுந்த ஊர்க்காரர் எல்லாரும் வகுப்பெடுக்க வேண்டும். ராணுவ அதிகாரியும் பத்திரிகையாளரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். வகுப்பு தமிழிலும் மலையாளத்திலும் நடக்க வேண்டும். அதில் முதல் பெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு.

செலவு என்னவோ அற்பம்தான். வடகரப்பதியில் ஒருவர் காலையில் பேப்பரைப் பிரிக்கும்போது, ஒருவேளை அவர் மகன் எல்லையில் காவலுக்கு நிற்கலாம். காயம் என்று எழுத வேண்டிய இடத்தில் பலி என்று எழுதினால், மறுநாள் திருத்தம் போட்டால் போதும் என்று அவரிடம் சொல்ல முடியுமா?